பத்து மணிக்குப் பூட்டும் பூங்காக்கள்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ரிப்பன் மாளிகையைக் கடந்து, நேரு விளையாட்டரங்கம் வரை நடந்து செல்பவர் வழிநெடுக ஒரு பூங்காவின் நிலத்தில்தான் நடக்கிறார். 1859-ல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் தொடங்கிவைத்த ‘பீப்பிள்ஸ் பார்க்’ அது. கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் டவுனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில், 116 ஏக்கரில், குளங்களும் பாதைகளும் இசை மேடையுமாக அமைந்தது. பின்னர் மிருகக்காட்சிசாலையும் அங்கே வந்தது.

அதன்பிறகு நகரத்துக்குத் தேவைகள் வந்தன. பொது அரங்கம் வேண்டும் என்றார்கள். விக்டோரியா பொது அரங்கம் எழுந்தது. சந்தை வேண்டும் என்றார்கள்; மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்குத் தலைமையகம், விளையாட்டரங்கம், ரயில்வேக்குக் கூடுதல் இடம் என்று தேவைகள் நீண்டுகொண்டே போயின. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதே ஆண்டில் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. பூங்கா என்ற பெயரில் இன்று அங்கே மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு துண்டுதான்.

இந்தக் கட்டடங்களில் எதையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பூங்காவை விழுங்கிவிட்டன. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அருகிலுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு நோயாளிகளை அழைத்துக்கொண்டு வெளிமாவட்டங்களிலிருந்து வரும் சொந்தபந்தங்கள் நடைபாதையோரம் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். பெரியமேடு, புளியந்தோப்பு, வால்டாக்ஸ் சாலை என்று சுற்றிலும் உள்ள நெருக்கமான குடியிருப்புகளின் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே பந்தடிக்கிறார்கள்.

பூங்காவையும் மரத்தையும் பற்றிப் பேசும்போது நாம் அழகைப் பற்றிப் பேசுகிறோம், சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டும் சரியே. ஆனால், நகரத்து ஏழையைப் பொறுத்தவரை பூங்கா என்பது முதலில் ஒரு சுகாதார வசதி. ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி நாம் என்ன கேட்போம்? வீட்டிலிருந்து நடந்து போக முடியுமா, எத்தனை மணிக்குத் திறக்கும், காசு கேட்பார்களா? பூங்காவைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எத்தனை லட்சம் மரக்கன்று நட்டோம், எத்தனை கோடி செலவழித்தோம் என்ற கணக்குகள் அதற்குப் பிறகுதான்.

எங்கே நடப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு தழுவிய அளவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; வயது வந்தவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. நீரிழிவு கிராமத்தைவிட நகரத்தில் மிக அதிகம் என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எந்த மாநிலமும் பின்பற்றத்தக்க திட்டம் அது. மாத்திரையைக் கையில் கொடுக்கும் சுகாதாரப் பணியாளர், கிளம்பும்போது மறக்காமல் ஒன்று சொல்கிறார்: “தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா.”

வியாசர்பாடியில் அந்த அம்மா எங்கே நடப்பார்? தெருவின் இரண்டு பக்கமும் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் வடிகாலின் உடைந்த மூடி, தண்ணீர்க் குடங்கள், ஆட்டோ. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரு காலியாக இருக்கும். ஆனால் அந்த இருட்டில் நாய்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக நடக்கத் தயங்குவார். ஆறு மணிக்கு வீட்டு வேலை தொடங்கிவிடும். மொட்டை மாடியில் நடக்கலாம் என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிக் கதவு பூட்டிக் கிடந்தால் அதுவும் இல்லை.

2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை. சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில் அமைந்தது. கடற்காற்றும் மர நிழலும் அகலமான நடைமேடையும் உள்ள பகுதி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. நடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதற்கே இந்தத் தேர்வு சாட்சி. தண்டையார்பேட்டைக்கும் கொடுங்கையூருக்கும் அவை வேண்டாமா?

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவை மே மாதத்து முற்பகல் ஒன்றில் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி வரை அங்கே நல்ல கூட்டம். தரையில் வரைந்திருந்த எட்டின் மேல் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டு போட்டு நடந்தார்கள். வாசலில் அருகம்புல் சாறும் கேழ்வரகுக் கூழும் விற்றார்கள். ஒரு சிறு மேசை போட்டு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். உள்ளே புங்கமும் தூங்குமூஞ்சியும் அடர்ந்து நின்றன. வெயில் ஏற ஏற ஆள் குறைந்தது. பத்து மணிக்குக் காவலாளி விசில் ஊதினார். இரும்புக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டார். இனி மாலை நான்கு மணிக்குத்தான்.

அதன் பிறகுதான் பூங்கா தேவைப்படுகிறவர்கள் வந்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் பெண்கள் இருவர், உணவுப் பையோடு வண்டியை நிறுத்திய இளைஞர், தள்ளுவண்டியில் பழம் விற்கும் வயதானவர். சுற்றுச்சுவரைத் தாண்டி ஒரு கிளை வெளியே நீண்டிருந்தது. அதன் கீழே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவருக்கு உள்ளே ஏக்கர் கணக்கில் ஆளில்லாத நிழல். வெளியே முழங்கால் மடக்கி உட்கார மட்டும் இடம் தரும் நிழல். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள்.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று எந்தப் பூங்காவில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: குடிகாரர்கள் வந்து படுத்துவிடுகிறார்கள், காதலர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், பையன்கள் கிரிக்கெட் ஆடிச் செடிகளை நாசமாக்குகிறார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் காவல் துறை இருக்கிறது. பையன்கள் விளையாடத்தான் பூங்கா. இரண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒப்பந்ததாரர் பகல் நேரத்துக்கு ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பதற்கு ஊரார்மீது பழி போடுகிறோம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்து, அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறது அரசு. அதே வெயிலில், நகரத்தில் இருக்கிற நிழலை உச்சிவேளையில் பூட்டிவைப்பது எந்த வகையிலும் ஏற்க முடியாதது.

ஆய்வுகள் காட்டுவது

மரங்கள் ஆக்சிஜன் தருகின்றன, அதனால் நகரத்துக்கு மரம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வருகிறோம். இந்த வாதத்தைக் கைவிடுவது நல்லது. காற்றில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. தெருவோர மரங்களால் அதன் அளவில் பெரிய மாற்றமும் வராது. மாசை மரம் வடிகட்டிவிடும் என்பதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இலைகளில் தூசு படியும். ஆனால் மணலியின் ஆலைப் புகையையும் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிப் புகையையும் அவை கிளம்பும் இடத்தில்தான் கட்டுப்படுத்த வேண்டும். ‘மரம் நடுகிறோம்’ என்பது ஆலைகளுக்கு மன்னிப்புச் சீட்டாகிவிடக் கூடாது.

பசுமை செய்யும் வேலை வேறு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் மிட்செல், பிராங்க் பாபம் என்ற இரு ஆய்வாளர்கள் ஓய்வு வயதுக்கு உட்பட்ட சுமார் 4 கோடி மக்களின் தரவுகளை ஆராய்ந்து, 2008-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழைகள் பணக்காரர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது எங்கும் தெரிந்த உண்மை. பசுமை மிகுந்த பகுதிகளில் அந்த இடைவெளி குறைவாக இருந்தது என்பதுதான் அவர்களின் கண்டுபிடிப்பு. குறிப்பாக, ரத்த ஓட்டம் சார்ந்த நோய்களால் ஏற்படும் மரணங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. நுரையீரல் புற்றுநோயில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. புகைப்பழக்கத்தால் வருவதைப் பூங்கா தடுத்துவிடாதல்லவா? பூங்காவால் எது முடியும், எது முடியாது என்பதை அந்த ஆய்வே பிரித்துக் காட்டிவிடுகிறது. பணக்காரருக்கு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, தோட்ட வீடு இருக்கிறது, குளிர்சாதன அறை இருக்கிறது. ஏழைக்குப் பூங்காதான் இவை எல்லாமும். அதனால்தான் அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அதிகம் பயன்படுகிறது.

இதற்குப் பெரிய வனம் எதுவும் தேவையில்லை என்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா காட்டியது. குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் குப்பையை அகற்றிப் புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, யாரும் தாண்டிப் போகக்கூடிய தாழ்வான மரவேலி போட்டார்கள். இன்னொரு பிரிவில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, பசுமையாக்கப்பட்ட மனைகளுக்கு அருகில் வசித்தவர்களிடம் மனச்சோர்வாக உணர்வது 41.5 சதவீதம் குறைந்திருந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் பலன் இன்னும் கூடுதல். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை.

இருந்த மரங்கள் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் ஆஷ் மரங்களைத் துளைக்கும் ஒரு வண்டு பரவி, கோடிக்கணக்கான மரங்களைச் சாகடித்தது. ஒரே தெருவின் இரு பக்கமும் வரிசையாக நின்ற மரங்கள் சில ஆண்டுகளில் மொத்தமாகக் காணாமல் போயின. வண்டு பரவிய 15 மாநிலங்களின் மரணப் பதிவுகளை 1990 முதல் 2007 வரை ஒப்பிட்டுப் பார்த்த ஜெஃப்ரி டோனோவன் குழுவினர், இதயம், ரத்த நாள நோய்களால் 15,080 மரணங்களும் சுவாச நோய்களால் 6,113 மரணங்களும் கூடுதலாக நேர்ந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். மரம் போனதுதான் முழுக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஊர் வேறு, வருமானம் வேறு என்று பார்த்தாலும் வண்டு போன இடமெல்லாம் இது தொடர்ந்தது.

சென்னைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே அடிக்கும் வெயில் வேலூர் வெயில் போன்றதல்ல. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெப்பமானி 37 டிகிரிதான் காட்டும், உடம்பு அதற்கு மேல் தவிக்கும். இப்படிப்பட்ட ஊரில் மரத்தின் முதல் உதவி, நேர் வெயிலையும் சூடேறிய தாரிலிருந்து எழும் அனலையும் மறைப்பதுதான். அதற்குப் பரந்த தலை வேண்டும். கொரியன் புல்லும், மேம்பாலத் தூண்களில் மாட்டிய தொட்டிச் செடிகளும், உருளை உருளையாகக் கத்தரித்த கோனோகார்பஸும் அதைத் தராது. புங்கம், வேம்பு, நீர்மருது, இலுப்பை, பூவரசு, மகிழம், நாவல் எல்லாம் நம் ஊர் மண்ணுக்கு ஒத்தவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, சாய்ந்த மரங்களில் குல்மோகர் போன்ற வெளிநாட்டு இனங்கள்தான் பெரும்பங்கு என்பதைத் தெருத்தெருவாகக் கண்டோம்.

கூடவே, வேரை நாம் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தெருவிலும் ஒரு பழைய வேப்ப மரத்தின் தூரைக் குனிந்து பாருங்கள். மரத்தின் தோல் வரைக்கும் பேவர் பிளாக் அல்லது சிமென்ட். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்காக வெட்டிய பள்ளத்தில் கைத்தடி கனத்துக்கு வேர் அறுபட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். தண்டில் டியூஷன் விளம்பரத் தகடும் ஆணியும். மேலே மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்ததால் எடை மறுபக்கம் சாய்ந்திருக்கும். நீரும் காற்றும் இறங்க வழியில்லாமல், பிடிப்பு இழந்து, அடுத்த மழைக்கு அது விழும். விழுந்த பிறகு ‘ஆபத்தான மரம்’ என்று பெயர் வைத்து, பக்கத்தில் நிற்பதையும் சேர்த்து வெட்டுவோம். தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மண்ணைத் திறந்துவிடுவதற்கு ஆகும் செலவு, புதிதாக ஒரு கன்றை நட்டுக் கூண்டு போட்டு வளர்ப்பதைவிடக் குறைவு.

யாருக்குக் கிடைக்கிறது?

சென்னையின் பசுமையை மேலிருந்து பார்த்தால் நிலைமை மோசமில்லை என்று தோன்றும். கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர். ஒட்டினாற்போல் ஐஐடி வளாகம், ஆளுநர் மாளிகை. சற்றுத் தள்ளி, அடையாற்றின் கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம். நகரத்துக்குள் புள்ளிமானும் வெளிமானும் மேயும் காடு இருப்பது உலகில் வேறெந்தப் பெருநகரத்துக்கும் எளிதில் வாய்க்காத பேறு. அதில் ஓர் அங்குலமும் குறையக் கூடாது. ஆனால் இவை ஏறக்குறைய எல்லாமே தென்சென்னையில், எல்லாமே மதிலுக்குள். அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்குள் நெடுங்காலம் முன்அனுமதி பெற்றவர்கள்தான் போக முடிந்தது. சதுப்பு நிலச் சூழலைக் காப்பதற்கு அது அவசியம் என்பதை ஏற்கலாம்; ஆனால் அதை மக்கள் பூங்காக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. தனியார் வசம் இருந்த மதிப்புமிக்க நிலத்தை மீட்டு, அதில் வணிக வளாகம் கட்டாமல் பூங்கா அமைத்ததற்கு அரசைப் பாராட்ட வேண்டும். ஆனால் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 300 ரூபாய். தினக்கூலிக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்க வரலாம். நடக்கவும் மூச்சு வாங்கவும் தினமும் வர முடியாது.

செனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் கதை வேறு வகை. 8 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த அந்தப் பூங்கா, மெட்ரோ சுரங்க நிலையம் கட்டுவதற்காக 2011-ல் மூடப்பட்டது. நின்றிருந்த மரங்கள் போயின. மறுபடி மக்களுக்குத் திறக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 60 வயதில் அங்கே நடந்துகொண்டிருந்தவர் திரும்பி வரும்போது 70-ஐத் தாண்டியிருப்பார்; ஐந்து வயதில் சறுக்குமரம் ஏறிய பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும். மெட்ரோ ரயில் வேண்டும். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்தாண்டு மூடினால் மாற்று இடம் கேட்டிருப்போம். பூங்காவை மூடியபோது அந்த வட்டாரத்துக்கு அதே அளவில் மாற்று இடம் தர வேண்டும் என்ற நிபந்தனை ஏன் எழவில்லை?

இதைவிட வேதனை தருவது, பசுமையின் பெயராலேயே ஏழைகளை வெளியேற்றுவது. கூவம், அடையாற்றுக் கரைகளைச் சீரமைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றில் சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும், வெள்ளத்தில் உயிர் போகாமல் காக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் கரையில் இருந்தவர் வேலையையும் பிள்ளையின் பள்ளியையும் விட்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போன பிறகு, அவர் இருந்த இடத்தில் நடைபாதையும் பூச்செடியும் வைத்தால் அது யாருடைய நலத்துக்கான பசுமை? அவர் குடியேறிய இடத்தில், எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, நிழல் மரம் எங்கே?

காகிதத்தில் இருக்கும் நிலம்

இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிறது, சட்டப்படியே இருக்கிறது. பெரிய மனைப்பிரிவோ குடியிருப்போ வரும்போது திறந்தவெளிக்காக ஒதுக்கும் நிலத்தை ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், சாலைக்கான பரப்பு நீங்கலாக, 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவும் தரலாம், அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவும் கட்டலாம்.

ஓட்டை இங்கேதான். பணமாகக் கட்டினால் அரசின் கணக்கில் வரவு வரும். அந்த வட்டாரத்தில் ஒரு சென்ட் திறந்தவெளியும் வராது. நிலமாகத் தந்தாலும், பெரும்பாலும் வளாகத்தின் மூலையில், வெளியார் கண்ணில் படாத இடத்தில் தருகிறார்கள். காலப்போக்கில் அங்கே அடுக்குமாடிச் சங்கத்தின் கார்கள் நிற்கும், சிறு கோயில் எழும்பும், அல்லது வளாகத்தின் காவலாளி வெளியாளைப் பார்த்து ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்பார். சட்டப்படி அது மாநகராட்சியின் சொத்து. எந்தத் தெருக் குழந்தையும் உள்ளே போய் விளையாடலாம். அது அங்கே குடியிருப்பவர்களுக்கும் தெரியாது, பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கும் தெரியாது. வார்டு வாரியாக எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு ஓ.எஸ்.ஆர். நிலம் ஒப்படைக்கப்பட்டது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் எழுதிப் போட்டாலே பாதி நிலம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பெரிய நிலங்களும் இருக்கின்றன. 2024 செப்டம்பரில், கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் வசம் குத்தகையில் இருந்த 160 ஏக்கரை வாடகை பாக்கிக்காக அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. கிளப் நீதிமன்றம் சென்றது. அந்த 160 ஏக்கரில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்குவதாக அரசு அறிவித்திருக்கிறது. குதிரைப் பந்தயத் திடல் மக்கள் பூங்காவாக மாறுமானால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடக்கே ஜார்ஜ் டவுன் ஓரத்தில் நாம் தொலைத்தது 116 ஏக்கர். தெற்கே, ஏற்கெனவே காடு இருக்கும் கிண்டிக்குப் பக்கத்திலேயே வரப்போவது 118 ஏக்கர்.

வடக்குக்கு ஈடு செய்ய ஓர் இடம் இருக்கிறது: கொடுங்கையூர். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்த அந்தக் கிடங்கில், சுமார் 250 ஏக்கரில் குவிந்து கிடக்கும் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் பணி நடக்கிறது. நிலம் வெளியே தெரியத் தொடங்கும் முன்பே அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கான திட்டம் வந்துவிட்டது. அப்பகுதி மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். இத்தனை காலமும் குப்பைப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு மறுபடியும் புகையா? சுத்தம் செய்து முடிந்த பரப்பில் மரங்களும் விளையாட்டுத் திடலும் குளமும் வர வேண்டும். குப்பை கிடந்த மண்ணில் நச்சு எவ்வளவு என்று சோதித்து, தேவையான இடத்தில் புது மண் போட்டு, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ அமைப்பும் ஊர் மக்களும் சேர்ந்து நாட்டு மரங்களின் சோலையாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். கொடுங்கையூரிலும் முடியும்.

வடசென்னைக்குப் பூங்கா புதிதல்ல. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். தொழிலாளர் கூட்டங்களின் நினைவோடு சிந்தாதிரிப்பேட்டையில் மே தினப் பூங்கா நிற்கிறது. ஆலையில் வேலை முடித்து வந்தவர்கள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்ததும், அரசியல் பேசியதும், சதுரங்கம் ஆடியதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். தனிமையும் ஒரு நோயாகிவிட்ட இக்காலத்தில், தெரிந்தவர் நால்வரைத் தினமும் பார்க்க ஒரு பெஞ்சு இருப்பது முதியவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

மாநிலத்தின் வனம், மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அந்த 33 சதவீதத்தை மலையிலும் தரிசிலும் மட்டும் நட்டு எட்டிவிட முடியும்; எட்டிவிட்டால் புளியந்தோப்பில் ஒரு நிழலும் கூடியிருக்காது. எனவே நகரங்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள் அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமை வெளி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு பரிந்துரைத்திருக்கிறது. நம் நெரிசலில் அரை ஹெக்டேர் கிடைக்காவிட்டாலும், பத்து நிமிட நடையில் ஒரு நிழலும் ஒரு பெஞ்சும் ஒரு கழிப்பறையும் என்பதையாவது விதியாக்கலாம். கழிப்பறையைக் கூடுதல் வசதியாக நினைக்க வேண்டாம். அது பூட்டிக் கிடந்தால் பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் பூங்காவில் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

இவற்றில் பலவற்றுக்குப் பணம்கூடத் தேவையில்லை. பூட்டைத் திறப்பதற்குத் திட்ட அறிக்கை வேண்டாம். சென்னையின் 200 வார்டுகளிலும் பகுதி சபைகள் நடத்துவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் பகுதி சபை அடுத்த முறை கூடும்போது போய் உட்காருங்கள். நம் வார்டில் ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கெங்கே இருக்கிறது, நம் பூங்கா உச்சிவேளையில் ஏன் மூடியிருக்கிறது, அதன் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.